கொழும்பு வீட்டுக்கு டிவி அன்டெனா எடுக்கிறது: பெட்டியில 'டிஜிட்டல்' எண்டு போட்டிருக்கிறதைப் பாத்து ஏமாறாதீங்கோ

தம்பி கேட்டது இதுதான். வெள்ளவத்தையில நாலு மாடி பிளட் ஒண்டில இரண்டாம் மாடி, டிஷ் பில் ஏறிக்கொண்டே போகுது, அம்மா பாக்கிறது சக்தி, வசந்தம் சனலும் இடைக்கிடை நேத்ராவும்தான், அதுக்கு மாசாமாசம் காசு கட்டுறது வீண் எண்டு அன்டெனா ஒண்டு போடலாமெண்டு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போயிருக்கிறார். ஒரு கடையில "டிஜிட்டல் எச்டி 4கே அன்டெனா, பூஸ்டரோட, 300 கிலோமீற்றர் இழுக்கும்" எண்டு வெள்ளைப் பிளாஸ்டிக்ல ஒண்டைக் காட்டியிருக்கிறாங்கள். பக்கத்துக் கடையில மீன்முள்ளு மாதிரி பழைய அலுமினிய ஏரியல் அரைவாசி விலைக்குக் கிடக்கு. எதை எடுக்கிறது, நாளைக்கு டிஜிட்டல் வந்தா பழசு வேலை செய்யுமா?

அலுமினியத்தை எடுங்கோ தம்பி. நடுத்தர சைஸ், சிக்னலைப் பெருசாக்கிற பூஸ்டர் வேண்டாம். கடையில நிண்டுகொண்டு இதை வாசிக்கிறீங்களெண்டா இவ்வளவும் போதும், காசைக் குடுத்திட்டு வாங்கோ. ஆனா வீட்டுக்கு வந்தாப் பிறகு மிச்சத்தையும் வாசியுங்கோ, ஏனெண்டா கனபேர் நல்ல அன்டெனாவை வாங்கிட்டு அதை வைக்கிற இடத்திலையும் கேபிளிலையும்தான் கோட்டை விடுறது.

முதல் விஷயம், 'டிஜிட்டல் அன்டெனா' எண்டு தனியா ஒரு சாமான் கிடையாது. அன்டெனாவுக்குத் தெரிஞ்சது மூண்டே மூண்டு: எந்த அலைவரிசை, எந்தத் திசை, அலை படுத்துக்கொண்டு வருதா நிண்டுகொண்டு வருதா. அந்த அலைக்குள்ள இருக்கிறது பழைய அனலொக் படமா, டிஜிட்டலா, எச்டியா 4கேயா எண்டெல்லாம் அந்த அலுமினியத்துக்குத் தெரியாது, தெரியத் தேவையுமில்லை. அதைப் பிரிச்செடுக்கிறது டிவிக்குள்ள இருக்கிற டியூனர். அதால பெட்டியில '4கே' எண்டு அடிச்சு விக்கிறது சும்மா விலையைக் கூட்டுற வேலை. 2026ல எடுக்கிற அன்டெனாவும் 1982ல ரூபவாஹினி தொடங்கேக்க எங்கட ஆக்கள் கூரையில கட்டின அன்டெனாவும் ஒரே விதியிலதான் வேலை செய்யுது.

அடுத்தது, நாட்டு நிலைமை. இலங்கையில டிவி 1979 ஏப்ரல்ல ஐடிஎன்னோட தொடங்கினது, 1982 பெப்ரவரியில ரூபவாஹினி வந்தது, அப்ப இருந்து தரைவழியா வீட்டுக்கு வாறது 'பால்' (PAL) எண்டுற பழைய அனலொக் முறை. டிஜிட்டலுக்கு மாற எண்டு 2014ல அரசாங்கம் ஜப்பான்காரன்ர ஐஎஸ்டிபி-டி முறையைத் தெரிவு செஞ்சது, ஆனா அந்த வேலை இழுபட்டு இழுபட்டுக் கிடக்கு, கூரை அன்டெனா போட்டா உங்கட அம்மா பாக்கப்போறது இப்போதைக்கு அனலொக் சக்தி, அனலொக் வசந்தம்தான். கடைக்காரர் "டிஜிட்டல்" எண்டு சொல்லேக்க கனபேர் குழம்புறது எங்கயெண்டா, டிஷ்ல வாறதும் டிஜிட்டல்தான், ஃபைபர் வயர்ல வாற பியோ டிவியும் டிஜிட்டல்தான், ஆனா அதுக்கும் கூரை ஏரியலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இதில ஒரு முக்கியமான இடம் இருக்கு, அன்டெனாவை விட இதுக்குத்தான் நான் கூட நேரம் செலவழிப்பன். டிவியை மாத்துற எண்ணம் இருந்தா டியூனரைப் பாருங்கோ. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு முறை வைச்சிருக்கு. இந்தியாவில தூர்தர்ஷன் டிவிபி-டி2, லண்டன்லயும் ஐரோப்பாவிலயும் டிவிபி-டி, டி2, கனடா அமெரிக்காவில ஏடிஎஸ்சி, சீனாவில டிடிஎம்பி. ஐஎஸ்டிபி-டி இருக்கிறது ஜப்பான், பிலிப்பைன்ஸ், பிரேசில் உட்பட தென்னமெரிக்காவில முக்கால்வாசி நாடுகள், இப்பிடி. கடையில நிக்கிற கன டிவியில பெட்டிப் பக்கத்தில டிவிபி-டி2 எண்டு பெருசாப் போட்டிருக்கும், கடைக்காரரும் "ஓமோம் டிஜிட்டல் டியூனர் உள்ளயே இருக்கு" எண்டுவார், அவர் சொல்லுறது பொய்யில்லை, ஆனா அது எங்கட நாடு தெரிவு செஞ்ச டிஜிட்டல் இல்லை. ஐஎஸ்டிபி-டி எண்டு எழுதியிருக்கா எண்டு கேளுங்கோ. இல்லையெண்டா பரவாயில்லை, நாளைக்கு சின்ன செட் டொப் பொக்ஸ் ஒண்டு போட்டாச் சரி, டிவியைத் தூக்கி எறியத் தேவையில்லை. ஆனா "டிஜிட்டலுக்கு ரெடி" எண்டு சொல்லி ஒரு சதமும் கூட வாங்க விடாதீங்கோ.

வெளிநாட்டுச் சாமான் கதையும் இதில சேரும். கனடாவில இருந்து மாமா வரேக்க நல்ல டிவியும் அன்டெனாவும் கொண்டாந்து தாறார் எண்டு வையுங்கோ. அன்டெனா வேலை செய்யும், ஏனெண்டா அங்கயும் இங்கயும் அலைவரிசை கிட்டத்தட்ட ஒண்டுதான். டிவியின்ர டியூனர் இங்க ஒண்டையும் பிடிக்காது, எச்டிஎம்ஐ மொனிட்டரா வைச்சிருக்கலாம், அதுவும் அங்கத்தைய 120 வோல்ட்டுக்கு மட்டும் செஞ்ச செட் எண்டா இங்க 230ல செருகின உடனே கதை முடிஞ்சுது. ஜப்பான்ல இருந்து வாற பழைய டிவி, "அங்கயும் ஐஎஸ்டிபி-டி தானே" எண்டு ஒரு சிலர் கேக்கினம், முறை ஒண்டுதான், ஆனா ஜப்பான்ல ஒரு சனலுக்கு 6 மெகாஹேர்ட்ஸ் அகலம், எங்கட யூஎச்எஃப் (டிவியின்ர உயர் அலைவரிசைப் பகுதி) சனல் 8 மெகாஹேர்ட்ஸ் கணக்கில போட்டது, அதோட அந்த டிவிகள் சனலைத் திறக்க பிகாஸ் எண்டொரு கார்ட் கேக்கும், கரண்டும் அங்க 100 வோல்ட். வேண்டாம், தொடாதீங்கோ.

சரி இப்ப அன்டெனாவுக்கு வருவம். கடையில ஒரு அன்டெனாவைக் கையில எடுத்து அது என்ன பிடிக்கும் எண்டு கண்ணாலயே சொல்லலாம், ஸ்கேல் கூடத் தேவையில்லை. 300ஐ மெகாஹேர்ட்ஸால பிரிச்சா அலையின்ர நீளம் மீற்றர்ல வரும், அதில பாதிதான் கம்பியின்ர நீளம். விஎச்எஃப் எண்டுற கீழ் அலைவரிசையின்ர மேல்பகுதி 174 தொடக்கம் 230 மெகாஹேர்ட்ஸ், 200 எண்டு எடுத்தா அலை ஒண்டரை மீற்றர், பாதி 75 சென்ரிமீற்றர். யூஎச்எஃப் 470ல இருந்து மேல போகும், 600 எண்டு எடுத்தா அலை அரை மீற்றர், கம்பி 25 சென்ரிமீற்றர், அதாவது ஒரு அடிக்கும் கொஞ்சம் குறைவு. அப்ப அன்டெனாவில இருக்கிற கம்பி எல்லாம் ஒரு அடி அளவில இருந்தா அது யூஎச்எஃப் மட்டும். கை நீளத்துக்குப் பெரிய கம்பியும் இருந்தா விஎச்எஃப்பும் பிடிக்கும். எங்கட நாட்டில இரண்டுமே பாவனையில இருக்கு, ஆனா தனியார் சனல் கூட இருக்கிறது யூஎச்எஃப்ல, நாளைக்கு டிஜிட்டலும் யூஎச்எஃப்லதான் எண்டு எதிர்பாக்கலாம், உலகத்தில கன இடத்தில அப்பிடித்தான் நடந்தது.

இப்ப அந்த வெள்ளைப் பிளாஸ்டிக்கைத் திருப்பிப் பாருங்கோ. உள்ளங்கை இரண்டு அளவு. அதுக்குள்ள 75 சென்ரிமீற்றர் கம்பியை மடிச்சு வைக்க இடமில்லை. யூஎச்எஃப் கூட அரைகுறையாத்தான் பிடிக்கும், அதை மறைக்கத்தான் உள்ளுக்கு மலிவான பூஸ்டர் ஒண்டைச் சேத்திருக்கிறாங்கள். கடதாசி மாதிரி மெல்லிசா ஜன்னல்ல ஒட்டுற வகையும் இதே சாதிதான், தெமட்டகொடையில பத்தாம் மாடியில கோபுரம் நேர தெரியுற ஜன்னல் எண்டா அது கூட வேலை செய்யும், இரண்டாம் மாடியில சுத்திவர கொங்கிறீட் இருக்கேக்க செய்யாது. மோட்டர் போட்டு ரிமோட்டால சுத்துற வட்ட அன்டெனா ஒண்டும் வருது, பாக்க வடிவு, கடல் காத்துக்கு அந்த மோட்டர் எவ்வளவு காலம் நிக்கும் எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்கோ.

மீன்முள்ளு வகையில இரண்டு இருக்கு. ஒண்டு யாகி, 1926ல ஜப்பான்ல தொஹோகு பல்கலைக்கழகத்தில யாகி, உடா எண்ட இரண்டு பேர் செஞ்சது, நூறு வருஷமாப் போகுது, இன்னும் அதை விஞ்ச மலிவான சாமான் வரல்ல. பின்னால ஒரு தடுப்பு, நடுவில கேபிள் பூட்டுற வளையம், முன்னால வரிசையாக் குட்டிக் கம்பிகள். முன்கம்பி கூடக் கூட ஒரே திசையில இழுவை கூடும், ஆனா பார்வை ஒடுங்கும், கொஞ்சம் திரும்பினாலும் சிக்னல் விழுந்துபோகும். மற்றது லொக் பீரியொடிக், கம்பிகள் பெருசில இருந்து சிறுசா முக்கோணமா வரும், எல்லாக் கம்பிக்கும் தொடர்பு இருக்கும். இது யாகி அளவு தூரம் இழுக்காது, ஆனா விஎச்எஃப்பில இருந்து யூஎச்எஃப் முடியும் வரைக்கும் ஒரே மாதிரிப் பிடிக்கும், திசையும் அவ்வளவு நுணுக்கமாப் பாக்கத் தேவையில்லை. கொழும்புக்குள்ள சிக்னலுக்குப் பஞ்சமில்லை, சனல்கள் எல்லாம் ஒரே கோபுரத்தில இருந்து வாறதும் இல்லை, அதால என்னைக் கேட்டா வெள்ளவத்தைக்கு லொக் பீரியொடிக். அது கிடைக்காட்டி பத்துப் பன்னிரண்டு கம்பி யாகி. முப்பது நாப்பது கம்பி வைச்சது எல்லாம் அவிசாவளை, இரத்தினபுரிப் பக்கம் மலை மறைக்கிற ஆக்களுக்கு.

300 கிலோமீற்றர் கதைக்கு ஒரு கணக்குச் சொல்லுறன். பூமி உருண்டை, டிவி அலை கிட்டத்தட்ட நேராப் போகும். கோபுர உயரத்தையும் உங்கட அன்டெனா உயரத்தையும் மீற்றர்ல எடுத்து, இரண்டின்ர வர்க்கமூலத்தையும் கூட்டி 4.1ஆல பெருக்கினா எத்தினை கிலோமீற்றர் வரைக்கும் நேர எட்டும் எண்டு வரும். பேரை வாவிக்குப் பக்கத்தில நிக்கிற தாமரைக் கோபுரம் கிட்டத்தட்ட 350 மீற்றர், அதின்ர உச்சியில இருந்து அனுப்பினாலும் 10 மீற்றர் உயரத்தில இருக்கிற கூரைக்கு 90 கிலோமீற்றர் போல, அதுக்கங்கால பூமியே மறைக்குது. அன்டெனா எவ்வளவு பெருசெண்டாலும் இது மாறாது.

எங்கட யாழ்ப்பாணத்து ஆக்கள் இதை நம்ப மாட்டினம், அதுக்கும் காரணம் இருக்கு. 80களில நீட்டு நீட்டுக் குழாயில பெரிய பெரிய ஏரியல் கட்டி கொடைக்கானல்ல இருந்து வாற தூர்தர்ஷனைப் பாத்த சனம், கொடைக்கானல் அங்க இருந்து 280 கிலோமீற்றர் போல. ஆனா அது 2,000 மீற்றருக்கு மேல இருக்கிற மலை, இடையில சமவெளியும் பாக்கு நீரிணையும், சூடான காத்து கடலுக்கு மேல படிஞ்சு நிக்கேக்க அலை வளைஞ்சு வளைஞ்சு கடலோட வரும், அதுதான் சில இரவில கண்ணாடி மாதிரித் தெரியும், அடுத்த நாள் நெருப்பெடுத்தாலும் வராது. அந்த அனுபவத்தை வைச்சுக்கொண்டு "பெருசாக் கட்டு, பூஸ்டர் போடு" எண்டு எங்கட பெரியப்பாமார் கொழும்பிலயும் சொல்லுவினம். இங்க கோபுரம் எல்லாம் முற்றத்துக்குள்ள நிக்குது, அந்த வைத்தியம் இந்த வருத்தத்துக்கு இல்லை.

பூஸ்டரைப் பற்றி இதிலயே சொல்லிவிடுறன். பூஸ்டர் சிக்னலை உண்டாக்காது. அதுக்கு வந்து சேருறதை, இரைச்சலையும் சேத்து, பெருசாக்கும். பிரயோசனப்படுற இடம் ஒண்டுதான்: அன்டெனாவில சிக்னல் நல்லா இருந்து, நீளக் கேபிள்லயோ நாலு அறைக்குப் பிரிக்கிறதிலயோ அது குறையப்போகுது எண்டா, அன்டெனாவுக்குப் பக்கத்திலயே, கம்பத்தில, ஒரு பூஸ்டர் போடலாம். டிவிக்குப் பின்னால வைக்கிறது அநேகமாப் பிரயோசனமில்லை, ஏற்கெனவே கெட்டுப்போனதைத்தான் அது பெருசாக்கும். கொழும்புக்குள்ள இன்னொரு கரைச்சல், சுத்திவர போன் டவர். 900 மெகாஹேர்ட்ஸ்ல போன் சிக்னல் டிவி சிக்னலை விடப் பலமா அடிக்கும், மலிவான பூஸ்டர் அதையும் சேத்து விழுங்கித் திணறி, நல்லா வந்த சனலையும் கோடு கோடாக்கிவிடும். பூஸ்டரைக் கழட்டின உடனே படம் தெளிஞ்ச வீடுகளைக் கொழும்பில எங்க வேணுமெண்டாலும் காட்டலாம். அதுக்குத்தான் பூஸ்டர் வேண்டாமெண்டு முதல் வரியிலயே சொன்னது.

இப்ப இடம். அன்டெனாவில செலவழிக்கிற ஆயிரம் ரூபாயை விட இரண்டு மீற்றர் உயரம் கூட வேலை செய்யும். வெள்ளவத்தையில காலி வீதிக்குக் கடல் பக்கமா இருக்கிற பிளட்டெண்டா, பல்கனி அநேகமா மேற்கைப் பாத்துத்தான் இருக்கும். அங்க கடலைத் தவிர ஒண்டும் இல்லை, கோபுரம் ஒண்டும் கடலுக்குள்ள நிக்கேல்லை, சிக்னல் வாறது நகரப் பக்கமும் உள்நாட்டுப் பக்கமும் இருந்து, நடுவில உங்கட கட்டடமே மறைச்சு நிக்குது. அதால பல்கனியில கட்டாமல் மொட்டை மாடிக்குப் போங்கோ. பிளட்டெண்டா மொட்டை மாடி எல்லாருக்கும் பொதுவானது, கொமிட்டியில ஒரு வாய்ச்சொல் கேட்டிட்டு ஏறுங்கோ. அதுக்கு முதல் ஹோல் சுவரைப் பாருங்கோ, பழைய பிளட் கனத்தில பொது அன்டெனாவில இருந்து வாற டிவி சொக்கட் ஒண்டு சுவர்ல இருக்கும், பெயின்ட் அடிச்சு மூடியிருப்பாங்கள், அது உயிரோட இருந்தா உங்களுக்கு அன்டெனாவே தேவைப்படாது.

மேல ஏறினோண்ணை அக்கம்பக்கத்துக் கூரைகளை வடிவாப் பாருங்கோ. எல்லாரும் எந்தப் பக்கம் திருப்பி வைச்சிருக்கினம், கம்பி படுத்திருக்கா நிமிந்திருக்கா. பத்து வீட்டு ஏரியல் ஒரு பக்கம் பாத்தா அந்தப் பக்கத்தில இருந்து தொடங்குங்கோ. கறுப்புத் தண்ணித் தாங்கிக்குப் பின்னால வைக்க வேண்டாம், தண்ணி அலையைக் குடிச்சுவிடும். தகரக் கூரைக்குக் கிட்டவும் வேண்டாம், மற்ற ஏரியலில இருந்து ஒரு மீற்றராவது தள்ளி வையுங்கோ. கீழ ஒராளை டிவிக்கு முன்னால இருத்தி போன்ல கதைச்சுக் கதைச்சுக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்புங்கோ, ஆனா நல்லா வாற சனலைப் பாத்துத் திருப்பாதீங்கோ, ஆக மோசமா வாற சனலை வைச்சுத் திருப்புங்கோ, அது சரிவந்தா மிச்சம் தானா வரும். படத்துக்குப் பக்கத்தில நிழல் மாதிரி இரண்டாவது உருவம் தெரிஞ்சா சிக்னல் போதாதெண்டு அர்த்தமில்லை, பக்கத்து உயரக் கட்டடத்தில பட்டுத் தெறிச்சது கொஞ்சம் பிந்தி வருது, காலி வீதி முழுக்க இப்ப இருவது மாடி இருவத்தைஞ்சு மாடி எண்டு எழும்பி நிக்கேக்க இது சாதாரணம். கொஞ்சம் திருப்பினா, இல்லாட்டி ஒரு மீற்றர் இடம் மாத்தினா போகும்.

டிஜிட்டல் வந்தா இந்த நிழல் பிரச்சினை பெரும்பாலும் இல்லாமல் போகும், ஐஎஸ்டிபி-டி பிந்தி வாற தெறிப்பையும் தாங்குற மாதிரித்தான் செஞ்சது. ஆனா வேற ஒரு குணம் வரும். அனலொக்ல சிக்னல் குறையக் குறைய புள்ளி விழும், இரைச்சல் வரும், அம்மா "கொஞ்சம் மங்கலா இருக்குப் பிள்ளை" எண்டு சொல்லிக்கொண்டு நாடகத்தைப் பாத்து முடிச்சுவிடுவா. டிஜிட்டல்ல ஒரு அளவு வரைக்கும் தெளிவா இருக்கும், அதுக்குக் கீழ போனா பெட்டி பெட்டியா உடைஞ்சு அப்பிடியே நிண்டுபோகும், இடையில ஒண்டும் இல்லை. அதால இப்ப வைக்கேக்கையே கொஞ்சம் மிச்சம் விட்டு நல்லா வையுங்கோ, மழை நாளில ஒருக்காப் பாருங்கோ.

கேபிள். இதிலதான் நான் கண்ட வீடுகளில முக்கால்வாசிப் பிழையும். பழைய தட்டை வயர், இரண்டு பக்கமும் கம்பி ஓடுற மண்ணிறப் பட்டி மாதிரி ஒண்டு சுவர்ல ஓடுதெண்டா கழட்டி எறியுங்கோ, கொழும்பு ஈரத்துக்கும் உப்புக்கும் அது தாக்குப் பிடிக்காது, சுவரோட ஒட்டினாலே சிக்னல் இறங்கும். வாங்க வேண்டியது ஆர்ஜி-6 எண்டு எழுதின 75 ஓம் கேபிள். அதிலயும் யூஎச்எஃப்ல 20 மீற்றருக்குக் கிட்டத்தட்ட 3 டெசிபல் போகும், அதாவது பாதிச் சிக்னல், மெல்லிசான ஆர்ஜி-59 எண்டா இன்னும் கூட. நாலாம் மாடிக்கு மேல இருந்து இரண்டாம் மாடிக்கு 20 மீற்றர் தாராளம், அதுக்கு மேல சுருட்டி வைக்காதீங்கோ. அறை இரண்டுக்குப் பிரிச்சா இன்னொரு பாதி போகும், நாலாப் பிரிச்சா முக்கால்வாசிக்கு மேல போகும். டிவி ஒண்டுதானே, பிரிக்கவே வேண்டாம்.

இணைப்பை ஒருக்காக் கிட்ட வைச்சுப் பாருங்கோ. நடுவில செப்புக் கம்பி, அதைச் சுத்தி வெள்ளை, அதுக்கு மேல வெள்ளித்தாளும் பின்னலும். கொனெக்டர் போடேக்க பின்னல்ல ஒரு மயிர் நடுக்கம்பியில தொட்டாலே காணும், சோட் ஆகி ஒரு சனலும் வராது, "அன்டெனா சரியில்லை" எண்டு கடைக்காரரோட சண்டை பிடிப்பீங்கள். நடுக்கம்பி கொனெக்டருக்கு வெளிய ஒரு இரண்டு மில்லிமீற்றர் நீட்டிக்கொண்டு நிக்கோணும். அன்டெனாப் பக்கம் கேபிள் பூட்டுற சின்னப் பிளாஸ்டிக் பெட்டி கீழ பாக்க இருக்கோணும், மூடி இறுக்கமா, கேபிள் ஒரு வளைவு கீழ தொங்கிட்டு மேல ஏறோணும், அப்பதான் மழைத்தண்ணி வளைவில சொட்டும், இல்லாட்டி கேபிளுக்குள்ள இறங்கி டிவி வரைக்கும் வரும். வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசைப் பக்கம் கடல் உப்பு இரும்பு ஆணியை ஒரு வருஷத்தில தின்னும், கடையில தாற ஆணியை மாத்தி ஸ்டெயின்லெஸ் போடுங்கோ, வெளிக் கொனெக்டரைக் கிறீஸ் தடவி டேப் சுத்துங்கோ. ஏரியலை நிறுத்துற ஜீஐ (துத்தநாகம் பூசின இரும்பு) குழாயும் கிளிப்பும் ஆமர் வீதியில எடுத்தா மலிவு.

காகத்தை மறக்காதீங்கோ. கொழும்புக் காகத்துக்கு ஏரியலை விட்டா வேற இருக்கை இல்லை, நாலைஞ்சு சேந்து இருந்தா மெல்லிய கம்பி வளைஞ்சுபோகும், திசையும் திரும்பிப்போகும். கடையில கம்பியை விரலால அமத்திப் பாத்து எடுங்கோ, வளைஞ்சுகொண்டு போறதை அங்கயே வைச்சிட்டு வாங்கோ.

இடி மின்னல் விளையாட்டில்லை. மார்ச் ஏப்ரலும் ஒக்டோபர் நவம்பரும் பின்னேரத்தில இங்க இடி வெளுத்து வாங்கும், குழாயைத் தடிச்ச செப்பு வயரால பூமிக்கு இறக்குங்கோ, எலக்ரீஷியன் ஒராளைப் பிடிச்சுச் செய்யுறது நல்லம், அது இருந்தாலும் வானம் கறுக்கேக்க டிவிக்குப் பின்னால கேபிளையும் பிளக்கையும் கழட்டி வையுங்கோ. இடி முழங்கத் தொடங்கினாப் பிறகு கேபிள்ல கை வைக்க வேண்டாம். அதோட குழாயைத் தூக்கி நிமித்தேக்க ஒழுங்கை லைட் கம்பியைப் பாருங்கோ, வெள்ளவத்தை ஒழுங்கைகளில கரண்ட் கம்பி பல்கனியைத் தொட்டுக்கொண்டுதான் போகுது, குழாய் சரிஞ்சு அதில விழுந்தா உயிர் தப்பாது. குழாய் விழுந்தாலும் கம்பியை எட்டாத தூரத்தில நிறுத்துங்கோ, தனிய ஏறாதீங்கோ.

எல்லாம் சரியாப் போட்டும் ஒண்டிரண்டு சனல்ல மட்டும் கோடு ஓடினா, அதுவும் விஎச்எஃப் சனல் எண்டா, வீட்டில இருக்கிற எல்ஈடி பல்ப்பையும் போன் சார்ஜரையும் ஒவ்வொண்டா நூத்துப் பாருங்கோ. மலிவு பல்ப் சிலது அந்த அலைவரிசையிலயே இரைச்சல் போடும். டிவியில சனல் தேடேக்க அனலொக் தேடலையும் போடுங்கோ, புது டிவிகள் தானாத் தேடேக்க டிஜிட்டலை மட்டும் தேடிட்டு "ஒண்டும் இல்லை" எண்டு நிண்டுவிடும், கனபேர் இதிலயே அன்டெனாவைத் திருப்பிக் குடுக்கப் போறவை.

கடைசியா, "டிஷ் ஏற்கெனவே மேல இருக்கு, அதையே அன்டெனாவாப் பாவிக்கலாமா" எண்டு கேட்டிருந்தீங்கள். ஏலாது. டிஷ் பிடிக்கிறது 10,000 மெகாஹேர்ட்ஸுக்கு மேல, அதுவும் வானத்தில ஒரு புள்ளியைப் பாத்தபடி, தரை டிவி அலைக்கு அது வெறும் தகரம். ஆனா டிஷ்ஷுக்கு ஓடின கேபிள் அநேகமா ஆர்ஜி-6தான், சுவர்ல ஓட்டை போடுற வேலையும் மிச்சம். இணைப்பை வெட்டினாப் பிறகு டிஷ்ஷைத் தாங்குற கம்பம் உறுதியா இருந்தா அதிலயே ஏரியலைப் பூட்டலாம். ஒண்டு கவனம், டிஷ் பொக்ஸ் கேபிள் வழியா 13, 18 வோல்ட் கரண்ட் மேல அனுப்பும், அதால அந்தப் பொக்ஸில கேபிள் பூட்டியிருக்கேக்க மறுபக்கத்தை ஏரியல்ல பூட்டாதீங்கோ, முதல் பொக்ஸைக் கழட்டுங்கோ. மேல் நுனியில செம்பு பச்சையாவோ கறுப்பாவோ இருந்தா, நல்ல செம்பு தெரியும் வரைக்கும் ஒரு அடி வெட்டிட்டுப் புதுக் கொனெக்டர் போடுங்கோ.